கட்டோடு போன பேர்

"நான் விக்கல அக்கா. கட்டோட போயிருச்சு."

"கட்டோட போறதுக்கு அது என்ன விறகா? என் கூடத்தோட பேருடா."

"அதைத்தான் சொல்ல வர்றேன், நூறு நூறா கட்டி ஏலத்துக்கு விடும்போது—"

"அந்த நூறுல ஒண்ணா என்னையும் சேத்துக் கட்டினியா?"

"உன்னையா கட்டினேன், பேரைத்தானே—"

"பேரை விட்டா இங்க என்கிட்ட என்னடா இருக்கு? நாலு நாற்காலி, ஒரு ஃப்ரிட்ஜ்."

இருவருக்கும் நடுவில் ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்கு மேல் பேசியாக வேண்டுமே என்று இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் நேரம் முடிந்து நின்றது அக்காவுக்குத் தெரியவில்லை. "நாலு நாற்காலி, ஒரு ஃப்ரிட்ஜ்" என்பது மட்டும் வாசல் வரை கேட்டது. சோதனைக்குக் காத்திருந்த ஆறு பேரும் தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்தே விட்டார்.

அக்கா நடத்துவது ரத்தப் பரிசோதனைக் கூடம். தரைத்தளத்தில் இரண்டரை அறை. முன்னறையில் ரத்தம் எடுப்பது, உள்ளறையில் சோதிப்பது, மீதி அரை அறையில் தம்பி. அரை அறைக்கு அவன் வாடகை தருவதில்லை. பதிலுக்கு அக்காவின் இணைய விவகாரங்களையெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்பது பதினோரு வருட ஏற்பாடு. பார்த்துக்கொண்ட லட்சணம் இன்று காலைதான் தெரிந்தது.

எட்டரை மணிக்கு ஒரு டாக்டர் கூப்பிட்டு, கூடத்தை விற்கப் போகிறாயாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டார். யார் சொன்னது என்று அக்கா கேட்டாள். உன் இணையப் பக்கத்தைத் திறந்து பார் என்றார். திறந்தாள். கூடத்தின் நேரமும் சோதனைப் பட்டியலும் இருந்த இடத்தில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், "இந்த முகவரி விற்பனைக்கு."

பக்கம் போனால் போகட்டும் என்று விடலாம். மின் கடிதங்களும் அதோடு போய்விட்டன. யாருக்கு என்ன முடிவு என்பதை டாக்டர்களுக்கு அனுப்புவது அந்தப் பேரில் இருக்கும் முகவரியிலிருந்துதான். பெரிய ஆஸ்பத்திரி இன்றைக்கு எத்தனை குழாய் வரும், எதற்கு என்ன சோதனை என்று எழுதுவதும் அதற்குத்தான். கூடத்துக்கு வரும் ரத்தத்தில் பாதி அந்த ஆஸ்பத்திரியுடையது. அதன் மேலாளர் ஒன்பது மணிக்குப் பேசினார். இரண்டு நாளாக அனுப்பிய பட்டியலுக்குப் பதில் இல்லை, நோயாளிகளின் விவரம் எங்கே போகிறதென்றும் தெரியவில்லை, திங்கட்கிழமைக்குள் பழைய முகவரி சரியாகாவிட்டால் எதிர்த்தெருக் கூடத்துக்கு மாற்றிவிடுவோம் என்றார். வேறு முகவரி தருகிறேன் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். பேர் வேறு யார் கையிலோ இருக்கும்போது நீங்கள்தான் நீங்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது என்றார் அவர். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் அரை அறையின் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

தம்பிக்கு வீட்டில் ஜமீன் என்று பேர். வைத்தவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க ஆளில்லாத குழிக்குள் நின்று வேலை செய்வதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாய் சும்மா இருக்காது. ஆயிரத்து நூற்று நாற்பது இணையப் பேர்களுக்குச் சொந்தக்காரனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பார்.

இணையத்தில் ஒரு பேர் என்றால் என்ன என்று ஜமீனிடம் கேட்டுவிடக் கூடாது. அது மனை என்று ஆரம்பிப்பான். உலகத்தில் மண் தீர்ந்துவிட்டது, இனிமேல் மனிதர் குடியேறப் போவது சொற்களில்தான், நல்ல சொல் எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது, இப்போதே வளைத்துப் போட்டவன் பிழைத்தான். மனையென்றால் ஒரு செடியாவது முளைக்குமே என்பார் அத்தான். ஜமீன் பதிலுக்கு ஒரு புன்னகை செய்வான். தொலைநோக்கு இல்லாதவர்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் புன்னகை அது.

உண்மையில் அது மனையுமில்லை, சொந்தமுமில்லை. வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டி வைத்துக்கொள்கிற வாடகைப் பலகை. தேதி தவறாமல் கட்டினால் பலகை உன்னுடையது. மறந்தால், அந்தத் தேதிக்காகவே கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருக்கும் இன்னொருவன் தூக்கிக்கொண்டு போவான். ஜமீனின் தொழில் பலகைகளைச் சேர்ப்பது. செய்தியில் ஒரு சொல் அடிபட்டால் போதும், பல் தேய்த்து முடிப்பதற்குள் அதைப் பதிந்திருப்பான். நிலாவில் வீடு கட்டப் போகிறார்கள் என்று வந்தது, 'நிலாவில்வாடகை' அவனுடையது. இயந்திர மனிதர்கள் வீட்டு வேலை செய்வார்கள் என்று வந்தது, 'ரோபோமாமியார்' அவனுடையது. அத்தானுக்குச் சிறுநீரகக் கல் வந்து வலியில் துடித்தபோது, டாக்டர் புதிதாக ஒரு மருந்தின் பேரைச் சொன்னார். கட்டிலருகே நின்றிருந்த ஜமீன் உடனே போனை எடுத்தான். மருந்துக் கடைக்குத்தான் பேசுகிறான், பாசக்காரப் பிள்ளை என்று பக்கத்துக் கட்டில்காரர் உருகிப் போனார். மருந்து கடைசியில் அத்தானுக்குக் கேட்கவில்லை. பேரை வாங்கவும் யாரும் வரவில்லை.

பதினோரு வருடத்தில் ஜமீன் விற்றவை ஒன்பது. அதில் மூன்று அவனைப் போன்ற இன்னொரு ஜமீனுக்கு. அந்த ஜமீனிடமிருந்து இவனும் மூன்று வாங்கியிருக்கிறான்.

ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை வாடகை கட்டும் காலம் வருமே. அப்போது களையெடுப்பான். பட்டியலில் ஒவ்வொரு பேருக்கும் எதிரில், இதுவரை எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்று ஒரு கட்டம். ஒருவர்கூடக் கேட்காத பேர் சிவப்பாகத் தெரியும். சிவப்புகளை நூறு நூறாகக் கட்டி, தொழில்காரர்களின் ஏலத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவான். ஆயிரத்துக்கு மேல் பேர் வைத்திருந்தால் வாடகையில் தள்ளுபடி உண்டு என்பதால், அக்காவின் கூடத்துப் பேரையும் அதே பட்டியலில்தான் சேர்த்து வைத்திருந்தான். உழைத்துக்கொண்டிருக்கும் பேரை எவன் விலை கேட்பான்? பதினோரு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. அது ரத்தச் சிவப்பாக நின்றது. 'ரோபோமாமியார்' என்ன விலை என்று ஒருவன் வேடிக்கைக்குக் கேட்டு வைத்திருந்ததால் அது பச்சை. பச்சை தங்கியது, சிவப்பு கட்டோடு போனது.

இதையெல்லாம் அக்காவிடம் அவன் விளக்கியபோது, முறை சரிதான், விதிவிலக்காக ஒன்று நடந்துவிட்டது என்கிற மாதிரி விளக்கினான். ஏலத்தில் வாங்கியவர் யாரென்று தெரியாது, ஏல எண் மட்டும்தான் தெரியும், எங்கள் தொழிலில் அதுதான் நாகரிகம் என்றான். கவலைப்படாதே, வாங்கினவன் எவனோ கத்துக்குட்டி, ஒரு கடிதம் போட்டால் ஓடி வந்து தருவான் என்று சொல்லி, கைகுலுக்கும் படத்துக்குக் கீழே இருந்த பெட்டியில், தன் பேரைச் சொல்லாமல், பட்டும் படாமலும் எழுதிப் போட்டான்.

மத்தியானம் பதில் வந்தது. சாப்பிட வந்திருந்த அத்தான் அதைச் சத்தமாக வாசித்தார்.

"தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்த மதிப்புமிக்க முகவரி தற்போது விற்பனைக்கு இல்லை. எனினும் தகுந்த தொகையை முன்வைத்தால் உரிமையாளர் பெருந்தன்மையுடன் பரிசீலிக்கக்கூடும்."

வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பலகையில் விற்பனைக்கு என்று போட்டிருக்கிறது, கடிதத்தில் விற்பனைக்கு இல்லை என்கிறது, இது எந்த ஊர் வியாபாரம் என்று கேட்டார். ஜமீனின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியவன் அவன். விற்பனைக்கு என்று கூப்பிட வேண்டும், வந்தவனிடம் இல்லை என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் அவனுக்குப் பசி எடுக்கும் என்பது அவன் கண்டுபிடித்த தத்துவம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் இணையத்தில் வகுப்பு நடத்துகிறான். விற்றது ஒன்பதுதான் என்றாலும், விற்பது எப்படி என்று கேட்க இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மாதக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் கடிதம் நான்காம் பாடம்.

"அப்ப இது உன் சிஷ்யப்பிள்ளை யாரோதான். குரு தட்சணையா திருப்பிக் குடுத்திருவாங்கல்ல?" என்றார் அத்தான்.

கடிதத்தின் அடியில், நான்காம் பாடத்தில் இல்லாத ஒரு வரி இருந்தது. பேச விரும்பினால் காலை பத்து முதல் பதினொன்று வரை மட்டும், கீழ்க்கண்ட எண்ணில்.

மறுநாள் காலை சரியாகப் பத்துக்கு எண்ணை அழுத்தியதுமே போனில் ஒரு பேர் வந்து நின்றது. 'டீச்சர் – முன் வரிசை.' இணைய வகுப்பில் ஏது முன் வரிசை என்று கேட்கக் கூடாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வகுப்பு தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே மூக்குக்கண்ணாடியும் நோட்டுமாக வந்து உட்கார்ந்துவிடுவார். ஜமீனைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவார். ஜமீன் பேச்சுவாக்கில் விடும் தத்துவத்தையெல்லாம் எண் போட்டு எழுதிக்கொள்ளும் ஒரே ஆத்மா. ஜமீனுக்குப் பெரிய நிம்மதி. போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்து, அக்காவைப் பார்த்து, முடிந்தது கதை என்பதுபோல் கையை அசைத்தான்.

டீச்சர் நலம் விசாரித்தார். கட்டு வாங்கிய கதையை அவராகவே சொன்னார். வகுப்பில் சொன்னபடி, மலிவாகப் போகிற கட்டுகளுக்குள் உயிருள்ள பேர் ஏதாவது தப்பித் தவறி விழுந்திருக்கிறதா என்று நாற்பது கட்டு தேடினாராம். தொண்ணூற்றொன்பது குப்பை, மன்னிக்கணும், ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது என்றார். அந்த நிலைமையிலும் ஜமீனுக்கு உச்சி குளிர்ந்ததை அக்கா பார்த்தாள்.

"டீச்சர், அது எங்க அக்காவோட பேரு."

"உங்க அக்காவோடதா? அப்ப ஏன் சார் வித்தீங்க?"

அத்தானுக்கு இருமல் வந்தது. ஜமீன் மென்று விழுங்கி, ஒரு சின்னத் தவறு என்று முடித்துக்கொண்டான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவனுக்கு ஒரு பயம் இருந்தது. வாளி வைத்தீர்களா என்று கேட்டான்.

வாளி என்பது ஏழாம் பாடம். அதற்காகவே பாதிப் பேர் வகுப்பில் சேர்ந்தார்கள். ஓடுகிற தொழிலின் பேர் கையில் சிக்கினால், ஒழுகும் கூரைக்கடியில் வைப்பதுபோல அதன் அடியில் ஒரு வாளி வை. பழைய உரிமையாளருக்கு வரும் கடிதமெல்லாம் அதில் விழும். படித்துப் பார். எத்தனை விழுகிறதோ அவனுக்கு அத்தனை வலி, வலிக்கு ஏற்ற விலை. வகுப்பின் விளம்பரத்திலேயே மஞ்சள் வாளி ஒன்று பளபளவென்று இருக்கும்.

"வச்சேன் சார். நீங்க சொல்லி நான் எதைச் செய்யாம இருந்திருக்கேன்? ரெண்டு நாள்ல முப்பத்தெட்டு விழுந்திருக்கு."

முப்பத்தெட்டையும் தேதி வாரியாக நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆஸ்பத்திரிப் பட்டியல் நான்கு. வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, தண்ணீர் குடிக்கலாமா என்று ஒருவர். தன் சர்க்கரை அளவை மனைவிக்குத் தெரியாமல் அனுப்பும்படி ஒருவர். இந்த ஊரில் நாலு பேரின் கொழுப்பு அளவு எனக்குத் தெரியும், கடைத்தெருவில் பார்த்தால் எப்படி முகத்தைப் பார்ப்பது என்றே தெரியவில்லை என்றார். அத்தான் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"ஒரு பொண்ணு மூணு தடவை எழுதியிருக்கு சார். ரெண்டு கரு ஏற்கெனவே கலைஞ்சு போச்சாம். இது மூணாவது. ரெண்டு நாள் விட்டு மறுபடி ரத்தம் எடுத்திருக்காங்க, அளவு கூடியிருக்கான்னு கேக்குது. முதல் கடிதம் ஒரு பக்கம். ரெண்டாவது ரெண்டு வரி. மூணாவது நேத்து காலையில. 'யாராவது இருக்கீங்களா'ன்னு மட்டும்."

அக்கா அதற்குள் எழுந்துவிட்டாள். முடிவை அனுப்பியாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கணினியில் பார்த்தால், அது போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பதிவேட்டைப் புரட்டி எண்ணைத் தேடி, தன் போனில் கூப்பிட்டு, நின்றுகொண்டே சொன்னாள். கூடியிருக்கிறது, இரண்டு மடங்குக்கும் மேலே, டாக்டரிடம் இன்றைக்கே காட்டிவிடு என்றாள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் வந்தது, பிறகு அழுகை. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அழுகை முடிகிறவரை நின்றாள். மேசைமேல் இருந்த இன்னொரு போனில் டீச்சரும் வைக்காமல் காத்திருந்தார்.

"சார், இருக்கீங்களா?" என்றார் கடைசியில்.

"இருக்கேன் டீச்சர்."

"எத்தனை கடிதமோ அத்தனை மடங்குன்னு சொல்லிக் குடுத்தீங்க. அந்தப் பொண்ணு மூணு எழுதுச்சு. அப்ப மூணு மடங்கா?"

அதெல்லாம் பொதுவாகச் சொன்னது என்று ஜமீன் மழுப்பினான். பொதுவாகச் சொன்னதைத்தான் நானும் எழுதிக்கொண்டேன் என்றார் டீச்சர். அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் போட நேற்று முழுக்க உட்கார்ந்திருந்தாராம். நான் யார் என்று எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டாராம்.

பிறகு தன் விலையைச் சொன்னார். லாபம் வேண்டாம். கட்டுக்குக் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு டீ குடிக்கிற காசு. அதோடு, சனிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஏழாம் பாடம் தவறு என்று சொல்ல வேண்டும். சொன்ன நிமிடம் பேரை மாற்றித் தருவார்.

ஜமீன் பத்து மடங்கு தருகிறேன் என்றான். அடுத்த மூச்சில் ஐம்பது மடங்குக்கு ஏறினான். விற்பவர் இறங்கி வர, வாங்குபவன் ஏறிக்கொண்டே போன ஏலத்தை அத்தான் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"நான் விலை சொல்லிட்டேன் சார். நீங்க வேற காசுல குடுக்கப் பாக்குறீங்க" என்றார் டீச்சர். மணி பதினொன்று ஆகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாள், கூடத்தின் முடிவுகள் காகிதத்தில் ஓடின. அத்தான் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் டாக்டர்களிடம் கொடுத்தார். எங்கள் லிஃப்ட் எப்போது சரியாகும் என்று ஒரு டாக்டர் கேட்டாராம், எங்கள் மைத்துனன் எப்போது சரியாவான் என்று எனக்கே தெரியவில்லை என்றாராம். ஜமீன் அரை அறைக்குள் வேறு வழிகளைத் தேடிக்கொண்டிருந்தான். ஏலக்காரர்களுக்குப் புகார் எழுதினான். நீங்களே விற்றதை நீங்களே விற்றதாகத்தான் எங்கள் கணக்கு காட்டுகிறது என்று அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். பிறகு அக்காவுக்குத் தன் இருப்பிலிருந்தே ஒரு பேரை இலவசமாகத் தர முன்வந்தான். 'ரத்தச்சந்தை' எப்படி இருக்கிறது என்று கேட்டான். அக்கா ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசி இருந்ததால் அவன் இன்னொரு தடவை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி மேலாளர் மறுபடி பேசினார். எதிர்த்தெருக் கூடத்தோடு பேசி வைத்துவிட்டதாகவும், திங்கள் காலை வரை பொறுப்பதாகவும் சொன்னார். அக்கா ஜமீனின் கதவருகே வந்து நின்றாள். ஆஸ்பத்திரி போனால் ரத்தம் எடுக்க வைத்திருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தியை நிறுத்த வேண்டும், இயந்திரத்துக்கு வாங்கிய கடன் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்பதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும். அவன்தான் சொன்னான். ஏழாம் பாடம் தவறு என்றால் மற்ற பாடங்களையும் கேட்பார்கள், பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள், அந்த மாதக் கட்டணத்தில்தான் ஆயிரம் பேர்களுக்கும் வாடகை கட்டுகிறேன், எல்லாம் சரிந்துவிடும் என்றான். உண்மையைச் சொன்ன அந்த ஒரு நேரத்தில் அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"எனக்கும் தப்பு வரும்டா" என்றாள் அக்கா. "குழாய் மாறும், இயந்திரம் பிசகும். அப்பல்லாம் நானே கூப்பிட்டு, உங்க ரிசல்ட் தப்பு, மறுபடி வாங்கன்னு சொல்லியிருக்கேன். திட்டுவாங்க. ஆனா வருவாங்க. உன் ஆளுங்க வர மாட்டாங்கன்னா, நீ இத்தனை நாள் அவங்களுக்கு என்ன குடுத்தேன்னு யோசி."

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜமீன் இஸ்திரி போட்ட சட்டையில், தலையை வாரி, திரைக்கு முன் உட்கார்ந்தான். சட்டைக்குக் கீழே அரைக்கால் டவுசர்தான், அது கேமராவில் தெரியாது. திரை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். முதல் கட்டத்தில் மூக்குக்கண்ணாடியும் நோட்டும். அக்கா கையுறையைக் கழற்றாமல் கதவில் சாய்ந்து நின்றாள். அத்தான் லீவு போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காட்சி கூடத் தவறவிட மனமில்லை.

வணக்கம் சொன்னான். தொழில் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்றான். வளரும் தொழிலில் பாடங்களும் காலத்துக்கு ஏற்பச் செழுமைப்பட வேண்டும், அந்த வகையில் ஏழாம் பாடத்தில் ஒரு நுண்ணிய மேம்பாடு என்றான்.

"சார், கேக்கல" என்றார் டீச்சர்.

குரலை உயர்த்தி, சில சூழ்நிலைகளில் வாளியைத் தவிர்ப்பது நல்லது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள் என்றான்.

"இன்னும் கேக்கல சார்."

எந்த அறிஞர்கள் என்று அத்தான் முணுமுணுத்தார். ஜமீன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. உள்ளறையில் இயந்திரம் முடிந்து மணி அடித்துக்கொண்டிருந்தது, அதை அணைக்கவும் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தபடியே இருந்தது. ஜமீன் தலையைக் குனிந்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். களையெடுத்ததைச் சொன்னான். சிவப்பு, பச்சை, கட்டு, எல்லாம். அது சொந்த அக்காவின் கூடம் என்றான். கூடத்தின் பேரை மட்டும் சொல்லவில்லை. மூன்று கடிதங்களையும், கடைசிக் கடிதத்தில் இருந்த இரண்டே சொற்களையும் சொன்னான்.

"ஏழாம் பாடம் தப்பு. நான்தான் சொல்லிக் குடுத்தேன், அது தப்பு. அந்தப் பக்கம் ஆள் இருக்காங்க. நோட்டுல அதை அடிச்சிருங்க."

முதல் கட்டத்தில் டீச்சர் பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்து, ஒரு கோடு போட்டார். பிறகு திரைக்குக் குனிந்து எதையோ அழுத்தினார். ஜமீனின் இன்னொரு திரையில், உங்கள் கணக்கில் ஒரு பேர் சேர்ந்தது என்று வந்தது. எல்லாம் பழையபடி ஓட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று அக்காவுக்குச் சைகை காட்டினான். அக்கா அங்கேயே ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். அத்தானிடம் அந்த நேரத்துக்கு ஒரு கேலியும் இல்லை. எழுந்துபோய் மணியை அணைத்துவிட்டு வந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் கழன்றுகொள்ளவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், சிலர் கைதட்டும் படம் போட்டார்கள். ஜமீனுக்கு நம்பவே முடியவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாராவது ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று கேட்டான். இரண்டாம் வரிசைக் கட்டத்தில், போன மாதம் சேர்ந்த டைல்ஸ் வியாபாரி கையைத் தூக்கினார். ஒருமுறை செருமிக்கொண்டார்.

"கண்ணு கலங்கிருச்சு சார். அந்தப் பேருக்கு அடுத்த வாடகை எந்தத் தேதியில கட்டணும்?"